பதினாறு தட்டுகள்

உங்கள் கைப்பேசித் திரையை நான் பார்க்கவில்லை. பார்ப்பது முறையும் அன்று. ஆனால் பேருந்து கிணத்துக்கடவைத் தாண்டியதிலிருந்து நான்கு முறை உச்சுக்கொட்டிவிட்டீர்கள். கடைசியாக, "பாஸ்வேர்டு மறந்துபோச்சு போல" என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டீர்கள். அதைத்தான் சொல்ல வேண்டாம் என்கிறேன். ஆதாரம் இல்லாமல் மனிதன் தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொள்ளக் கூடாது. இந்தத் துறையில் பதினெட்டு ஆண்டுகளாக இருப்பவள் சொல்கிறேன். கைப்பேசியை வைத்துவிட்டுக் கேளுங்கள். பழனிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

என் பெயர் செந்தாமரை. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் தலைமை நிரலாளர். இணையதளங்களுக்கு இடம் கொடுப்பது எங்கள் தொழில். கட்டடம் எங்களுடையது, அறைகள் வாடகைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்காரர் உள்ளே வந்து தம் தளத்தில் எதையாவது சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ஒரு நுழைவுப் பக்கத்தைக் கடக்க வேண்டும். அந்த மென்பொருளை நாங்களே எழுதினோம். நாங்கள் என்றால், பெரும்பகுதி நான். கணிதத்தில் முதுகலை, பல்கலைக்கழகத்தில் முதலிடம். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

சென்ற ஆனி மாதம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு புகார் வந்தது. அங்கே ஓய்வூதியர் சங்கம் ஒன்று எங்களிடம் தளம் வைத்திருக்கிறது. ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்த் தாங்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் அல்லவா, அந்த முகாம் எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில் என்பதெல்லாம் அந்தத் தளத்தில்தான் வரும். அதை எழுதிப் போடுபவர் சங்கத்தின் செயலாளர், சவரிமுத்து என்பவர். வயது அறுபத்தெட்டு. நான்கு ஆண்டுகளாக ஒரு தொல்லையும் இல்லாமல் உள்ளே வந்துபோனவர். திடீரென்று அவருடைய கடவுச்சொல் தவறு என்று நுழைவுப் பக்கம் திருப்பி அனுப்பிவிட்டது.

எங்கள் உதவி மையத்தில் இருப்பவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "அய்யா, மறந்திருப்பீங்க, புதுசா ஒண்ணு வைங்க" என்று சொல்லித் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைத் தட்டினார், கதவு திறந்தது. தற்காலிகச் சொல்லால் கடவுச்சொல்லை மாற்ற மட்டுமே முடியும்; உள்ளே போய்த் தமக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டார். வெளியே வந்து மறுபடி தட்டினார்; திறக்கவில்லை. மறுபடி உதவி மையம், மறுபடி தற்காலிகச் சொல். இப்படிப் பத்தொன்பது நாட்களில் பதினொரு முறை. நாங்கள் கொடுத்தால் திறக்கிறது. அவர் வைத்தால் திறக்கவில்லை. நீங்களாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? அவர்களும் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள்.

அவர் காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தார். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அப்போதும் திறக்கவில்லை. காகிதத்திலேயே தவறாக எழுதியிருப்பார் என்றது உதவி மையம்.

எங்கள் மேலாளர் மணிமாறன் என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வயதானவர், பாவம், விட்டுவிடுங்கள் என்றார். நான் விடவில்லை. இரக்கத்தினால் என்று எண்ண வேண்டாம். கணக்கு இடித்தது. மறதி உள்ளவன் சில முறை தவறுவான், சில முறை சரியாகச் செய்வான். இவர் பதினொன்றுக்குப் பதினொன்றும் தவறியிருக்கிறார். மறதி அவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. ஒழுங்காக ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்வது இயந்திரம்.

ஆகவே நானே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி.

அவர் சுற்றிவளைக்காமல் பேசினார். மாவட்ட நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தவராம். நீதிபதி சொல்லச் சொல்லத் தீர்ப்பை நேராக இயந்திரத்தில் அடித்தவராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்குழு என்றார். இணைச்செயலாளர் தண்டபாணி, ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர், செயலாளருக்கு உடல்நிலை சரியில்லாததால் மாற்ற வேண்டும் என்று ஏற்கெனவே கடிதம் கொடுத்துவிட்டாராம். முகாம் தேதி தளத்தில் ஏறாமல் இருப்பதுதான் தண்டபாணியின் ஆதாரம். இவருடைய மகனோ, திங்கட்கிழமை மதுரையில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டான். இவருடைய அண்ணன் கடைசி மூன்று ஆண்டுகள் சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இதையும் சாட்சிப் பட்டியல் வாசிப்பதைப்போல ஒரே குரலில் சொன்னார்.

பிறகு சொன்னார்: "அம்மா, செயலாளர் பதவி போனா போகட்டும். என் கையால வச்சது எனக்கே திறக்க மாட்டேங்குது. எனக்கு மறதி வந்துருச்சா இல்லையா, அதை மட்டும் மறைக்காம சொல்லுங்க."

நான் மருத்துவர் அல்லேன், நிரலாளர் என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்புறம், கணினி முன்னால் உட்காரச் சொன்னேன்.

கடவுச்சொல் என்னவென்று நாங்கள் கேட்பதில்லை. அது விதி, அந்த விதியையும் நான்தான் எழுதினேன். எத்தனை எழுத்து என்று மட்டும் கேட்டேன். "பதினாலும்மா, கடைசிப் புள்ளியோட சேத்து" என்றார். தொலைபேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தட்டச் சொன்னேன். தட்டினார். நீங்களும் நானும் தட்டுவதைப் போலன்று. பழைய இரும்பு இயந்திரத்தை அடித்துப் பழகிய விரல்கள். ஒவ்வொரு தட்டும் ஆணி இறங்குவதைப்போலக் கேட்டது. நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முடிந்ததும் எண்ணினேன். பதினாறு.

இன்னொரு முறை தட்டச் சொன்னேன். பதினாறு. மூன்றாம் முறையும் பதினாறு. கடைசி இரண்டு மட்டும் சத்தத்தில் வேறாக இருந்தன. தட்டு என்று சொல்ல முடியாது, மொத்து.

"அய்யா, பதினான்கு எழுத்துக்குப் பதினாறு தட்டு எப்படி?" என்றேன்.

"பதினாறா? இல்லையேம்மா."

"கடைசியில் இரண்டு முறை எதைத் தட்டினீர்கள்?"

மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு, அடிப்படைகூடத் தெரியாத ஆளிடம் பேசும் குரலில் சொன்னார்: "ஃபுல்ஸ்டாப் வச்சா ரெண்டு ஸ்பேஸ் விட்டுத்தானம்மா ஆகணும். லோயர் பரீட்சைக்கே சொல்லிக் குடுத்துருவாங்களே. நீங்க டைப்ரைட்டிங் பாஸ் பண்ணலையா?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

உங்களுக்குப் புரிகிறதா? தட்டச்சுப் பயிலகத்தில் விரலுக்கு ஏற்றிய பாடம். முற்றுப்புள்ளி வைத்தால் கட்டைவிரல் தானாக இறங்கி இடைவெளிப் பட்டையை இரண்டு முறை அழுத்திவிடும். அவரைப் பொறுத்தவரை அது தனியாகச் செய்கிற காரியமே அன்று. புள்ளியின் ஒரு பகுதி. அதனால்தான் கேட்டபோது சொல்லவில்லை, எழுதியபோது எழுதவில்லை, எண்ணியபோது எண்ணவில்லை. பொய் சொன்னவரும் இல்லை, மறந்தவரும் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்துக்குச் செய்ததை எங்களுக்கும் செய்திருக்கிறார்.

சரி, நான்கு ஆண்டுகளாக ஒத்துப்போன இடைவெளி இப்போது ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வைகாசி மாதத்தில் நுழைவுப் பக்கத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. கைப்பேசிகள், ஒரு சொல்லை முடித்துக் கொடுத்தவுடன் பின்னால் ஓர் இடைவெளியைத் தாமாகவே ஒட்டிவிடுகின்றன. அதனால் பல வாடிக்கையாளர்கள் நுழைய முடியாமல் தவித்தார்கள். ஆகவே, தட்டியதன் தலையிலும் வாலிலும் இருக்கும் இடைவெளிகளை வெட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும் என்று அந்த வரி சொன்னது. பெயருக்கும் வெட்டு, கடவுச்சொல்லுக்கும் வெட்டு. சுருக்கமான வரி. அழகான வரி. பத்தொன்பது நாட்களாக அதன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. அதை எழுதியவர் சாதாரணமாகத் தவறு செய்கிறவர் அல்லர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் புதுக் கடவுச்சொல் வைக்கும் பக்கம் இருக்கிறதே, அங்கே வெட்டு இல்லை. அவர் வாலோடு வைத்தார், வாலோடு பதிவாயிற்று. வாசலில் அதையே வாலோடு நீட்டினார். வாசல்காரன் வாலை வெட்டிவிட்டு, பொருந்தவில்லை போ என்றான். பதினாறு பல் சாவியை வாங்கி இரண்டு பல்லை உடைத்துவிட்டுச் சாவி சரியில்லை என்பதைப்போல. நாங்கள் கொடுத்த தற்காலிகச் சொல்லுக்கு வால் கிடையாது; பழக்கத்தில் அவர் பின்னால் எதையாவது ஒட்டியிருந்தாலும் அது வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதனால் அது மட்டும் திறந்தது. அவருக்கு மறதி என்பதற்கு நாங்கள் வைத்திருந்த ஒரே ஆதாரத்தை உண்டாக்கியது எங்கள் வரிதான்.

அந்த வரியை எழுதியது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பார்க்கிறீர்கள். எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று எங்களிடம் பதிவேடு உண்டு. வரியை மற்றொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். மணிமாறன் அவசரப்படுத்தியிருக்கிறார். கைப்பேசி செய்தவர்களுக்குப் பொறுப்பில்லை. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், எழுதியவரின் பங்கு மிகச் சிறியது. சரி, நான்தான்.

திருத்தம் ஒரே சொல். கடவுச்சொல்லுக்கு இருந்த வெட்டை நீக்கினேன். பெயருக்கு இருந்ததை விட்டுவைத்தேன். ஒருவர் தமக்கென்று வைத்துக்கொண்ட இரகசியத்தின் ஓரத்தைச் செதுக்க வாசல்காரனுக்கு உரிமை இல்லை. கைப்பேசிக்காரர்களுக்கு, கடைசியில் இடைவெளி இருக்கிறது என்று திரையில் ஓர் எச்சரிக்கை காட்டும்படி செய்தேன். இனி யாரும் அந்த வரியைத் தொட்டால் தானாகக் கூவும்படி பதினான்கு சோதனைகள் எழுதினேன். முதல் சோதனைக்குச் சவரிமுத்து என்று பெயர் வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. அவரை அழைத்துத் தட்டச் சொன்னேன். பதினாறு தட்டுகள். திறந்தது. அவர் வெளியே போனார், மறுபடி வந்தார், போனார், வந்தார். ஆறாவது தடவை நான் போதும் என்றேன்.

அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எழுத்தில் வேண்டும் என்றார்.

நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்று, பிழை கணினியுடையது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மறதிக்காரர் அப்படித்தான் சொல்வார். மணிமாறனிடம் போனேன். நிறுவனம் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்வதில்லை என்றார். "எழுத்துல குடுத்தா நாளைக்கு நாப்பது பேரு வருவாங்க மேடம்" என்றார். நாற்பத்தொருவர் என்றேன். நான் அதற்குள் எண்ணிவிட்டிருந்தேன். வைகாசிக்குப் பிறகு இதே மாதிரி மாற்றி மாற்றிக் கடவுச்சொல் வைத்துத் தோற்றவர்கள் நாற்பத்தொருவர். மறந்துவிட்டீர்கள் என்று அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறோம். மணிமாறன், இது உங்கள் கடிதம், நான் பார்க்கவில்லை என்றார்.

எழுதினேன். தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் நுழைவில் ஏற்பட்டிருந்த தடை களையப்பட்டுவிட்டது என்று, குறையில்லாத ஒரு வாக்கியம். மின்னஞ்சலில் அனுப்பிப் பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது.

"அம்மா, இது தள்ளுபடி ஆகிற காகிதம்" என்றார். "காரணம்னு போட்டிருக்கு, யாருன்னு போடலை. நான் மறந்ததும் ஒரு காரணம்னு தண்டபாணி சொல்லிருவான். செஞ்சது யாருன்னு பேரு இல்லாத வாக்குமூலம் எந்தக் கோர்ட்லயும் நிக்காது."

நான் வாக்குமூலம் கொடுக்கவில்லை, கடிதம் கொடுக்கிறேன் என்றேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா என்றார்.

உண்மையைச் சொல்கிறேன்: மென்பொருளைத் திருத்த எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கடிதத்தைத் திருத்த வெள்ளிக்கிழமை முழுவதும் ஆயிற்று. என் வாழ்நாளில் அந்த வகையான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. அதற்குத் தேவை வந்ததில்லை. கடைசியில் நான்கு வரி நின்றது. 'திரு. சவரிமுத்து அவர்கள் தம் கடவுச்சொல்லை ஒருமுறைகூட மறக்கவில்லை. பதினொரு முறையும் சரியாகவே தட்டினார். தவறு எங்கள் நுழைவுப் பக்கத்தில் இருந்தது. அந்த வரியை எழுதியவள் நான்.' கீழே கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் திங்கட்கிழமை காலை விவரமாகச் சொன்னார். ஒரு பள்ளிக்கூட அரங்கில் நூற்று முப்பது பேர் கூடியிருந்தார்களாம். தண்டபாணி முதலிலேயே எழுந்து, "செயலாளர் அய்யாவுக்கு இங்கேருந்து வீட்டுக்குப் போற வழியாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அரங்கமே சிரித்திருக்கிறது. சவரிமுத்து கடிதத்தைப் பொருளாளர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். சிரிப்பு நின்றது. ஆனால் தண்டபாணி வருவாய்த் துறை அல்லவா, காகிதத்தை நம்பிவிடுவாரா? இதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், நேரில் திறந்து காட்டுங்கள் என்றார்.

பள்ளிக்கூடத்துக் கணினியையும் பெரிய திரையையும் கொண்டுவந்தார்கள். சவரிமுத்து உட்கார்ந்து தட்டினார். கதவு திறந்தது. எல்லோர் கண்முன்னாலும் முகாம் தேதியை ஏற்றினார். ஏற்றிவிட்டு, மூன்றாம் வரியில் அலுவலகத்தின் பெயரைத் தண்டபாணி தவறாக எழுதிக் கொடுத்திருப்பதைச் சுட்டிக்காட்டித் திருத்தினாராம். அதோடு செயலாளரை மாற்றும் பேச்சு எடுபடவில்லை. திங்கட்கிழமை மதுரைக்கும் அவர் போகவில்லை. முகாம் வேலை இருந்தது.

ஆனால் தண்டபாணி உட்காரவில்லை. அப்படியானால் அந்த அம்மாளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். பத்தொன்பது நாட்கள் ஒரு மூத்த குடிமகனை அலைக்கழித்ததற்காக என்மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். முன்பின் பார்த்திராத என்மீது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுந்து, தவறை ஒப்புக்கொண்ட பிள்ளையை நான் அடித்ததில்லை என்று திருத்தம் கொடுத்திருக்கிறார். விவாதம் நாற்பது நிமிடம். முடிவில் கண்டனம் மன்னிப்பாக மாறி, ஒருமனதாக நிறைவேறியது; வழிமொழிந்தவர் தண்டபாணி. தீர்மானம் எண் நான்கு: 'மேற்படி அம்மையார் தம் தவறைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாலும், இது அவருடைய முதல் தவறாக இருக்கலாம் என்பதாலும், இச்சங்கம் அவரை மன்னிக்கிறது.'

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கடிதத்தில் அந்தச் சொல்லே கிடையாது. 'இருக்கலாம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். சவரிமுத்து தீர்மானத்தைத் தட்டச்சு செய்து, என் கடிதத்தையும் சேர்த்து, எங்கள் நிறுவனமே இடம் கொடுத்திருக்கும் அந்தத் தளத்தில் ஏற்றிவிட்டார். எடுத்துவிடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். பொதுக்குழுத் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுதான் மாற்ற முடியும் என்றார். மொத்தக் கட்டடத்துக்கும் சாவி என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நீக்க எனக்கு அரை நிமிடம் போதும். நீக்கவில்லை. ஆவணத்தில் கைவைப்பது என் வழக்கமன்று. வேறு காரணம் ஒன்றுமில்லை. சிரிக்காதீர்கள்.

அந்தப் பக்கத்தை ஓய்வூதியர்கள் ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். மணிமாறன் பயந்தது நடந்தது. அந்த நாற்பத்தொருவரில் ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினார்கள். தாராபுரத்தில் ஓர் ஆவண எழுத்தர். நாகர்கோவிலில் ஒரு பள்ளியின் முன்னாள் அலுவலகப் பொறுப்பாளர். தமக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்து, அந்த அம்மாள் இரண்டு மாதமாக இதை மருமகளிடம் சொல்லாமல் மறைத்திருந்தாராம். யாரும் நஷ்டஈடு கேட்கவில்லை. சண்டை பிடிக்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த சவரிமுத்து சாருக்குக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு லெட்டர் குடுங்க."

நேற்றுவரை இருபத்தாறு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பெயர் மாறும், எத்தனை முறை தட்டினார்கள் என்ற எண் மாறும். மற்றதெல்லாம் அதே நான்கு வரி. மணிமாறன் நேற்று வந்து, கடிதத்தை நிறுத்த வேண்டாம் மேடம், அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்றார்.

எடுத்தால் கடிதம் நிற்காது என்று சொல்லிவிட்டு, இருபத்தேழாவதைத் தட்டத் தொடங்கினேன்.